எட்டில் முடியாத அளவுகள்

கோப்பாய் வடக்கு,
கோப்பாய்.
20.05.1990

மதிப்பிற்குரிய பஞ்சலிங்கம் சேர் அவர்களுக்கு,

உங்களுக்கு இப்படி நேராகக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கம்பஸில் நீங்கள் எங்களுக்குப் படிப்பித்த இரண்டு வருடத்திலும் நான் உங்களோடு கதைத்தது மூன்று தடவைதான். அதில் ஒன்று, மாதிரியெடுப்பு வகுப்பில் நீங்கள் திடீரென்று என்னிடம் கேள்வி கேட்ட நாள். பேனை கீழே விழுந்துவிட்டது. நான் அதைத் தேடி எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இங்கிலாந்தில் இருந்து நீங்கள் விண்ணப்பப் படிவம் அனுப்பியதற்கு நன்றி சொல்லி எழுதியபோதும் ஐந்து வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. இந்தக் கடிதம் நீளும். வகுப்பு இல்லாத ஒரு நாளில் இருந்து வாசித்தால் நல்லது.

தமிழில் எழுதுவதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் வசனங்கள் சரியாக வரும். ஆனால் நான் சொல்ல வந்தது அவற்றுக்குள் போய் ஒளித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இங்கே ஐயாவும் நானும் சுகம். இரண்டு மாதமாக ஊர் ஒருமாதிரி அமைதியாக இருக்கிறது. ரயில் ஓடுகிறது. சனம் வேலி அடைக்கிறது, கூரை வேய்கிறது. ஆனால் எல்லோரும் மெதுவாகத்தான் கதைக்கிறார்கள், பக்கத்தில் ஒரு குழந்தை நித்திரை கொள்வது போல. இந்த முறை வெங்காயம் பரவாயில்லை. கரவெட்டியில் இருக்கும் என் மாமி இரத்தினம்மா எனக்கென்று நீலக் கம்பளி நூலில் சுவெற்றர் பின்னுகிறா. அவ வாழ்நாளில் குளிர் கண்டவ இல்லை. ஆனபடியால் கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம் என்று ஒரு கணக்கும் தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நீட்டிக்கொண்டே போகிறா. போன கிழமை போட்டுப் பார்த்தேன். விரல்கள் வெளியே தெரியவில்லை.

மாசியில் நீங்கள் அனுப்பிய பார்சல் பங்குனிக் கடைசியில் கிடைத்தது. நீங்கள் இப்போது இருக்கும் வணிகக் கல்லூரியின் விளக்கப் புத்தகத்தை இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. எண்ணுவது என் தொழிலாகப் போகிறது என்றாலும் இதை நான் எண்ணவில்லை. அதில் ஒரு மாடிப்படிப் படம் இருக்கிறதல்லவா? சிவப்புத் துணிப்பையோடு ஒரு பெண் ஏறிப்போகிறாள், முகம் பாதிதான் தெரியும். அவளுக்கு நான் றோஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளுடைய பையில் என்ன இருக்கும் என்று யோசிப்பேன். ஒரு நாள் கொப்பி, ஒரு நாள் பாண், ஒரு நாள் யாருக்கோ எழுதி இன்னும் தபாலில் போடாத கடிதம். படி முடியும் இடத்தில் ஒரு யன்னல். யன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அது மூடுபனியா, படம் பிடித்தவரின் பிழையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பின்னேரங்களில் கிணற்றுக்கட்டில் இருந்து கண்ணை மூடினால் நான் அந்த யன்னலடியில் நிற்பேன். கையில், கிணற்று நீரை நான் அளக்கிற எங்கள் அளவுக் கயிறு. அதை வெளியே விடுவேன். விட விடக் கயிறு போய்க்கொண்டே இருக்கும். எங்கேயோ கீழே, கயிற்று நுனியில் கட்டிய இரும்பு நட்டு தண்ணீரில் தொடுகிற சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

சந்தியில் கடை வைத்திருக்கும் முருகேசு அண்ணைக்கு நான் வணிகக் கல்லூரிக்குப் போவது பெரிய பகிடி. “பிள்ளை, கம்பஸும் முடிச்சுப்போட்டுச் சீமைக்குப் போய் யாவாரமோ பழகப்போறாய்? என்ரை கடையிலை வந்து நில்லு, நான் சும்மா பழக்கிவிடுறன்” என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டார். ஐயா சீனியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வரும் வழியில், “உண்மையாய் அங்கை என்ன பிள்ளை படிப்பிக்கிறவை?” என்று கேட்டார். ஒரு நாட்டில் அடுத்த வருடம் எத்தனை பேருக்கு என்ன சவர்க்காரம் தேவைப்படும் என்று, எல்லாரையும் கேட்காமல் கொஞ்சப் பேரைக் கேட்டே சொல்லப் படிப்பிப்பார்கள், புள்ளிவிபரவியல் என்பது அதுதான் என்றேன். ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு, “அப்ப அந்தக் கொஞ்சப் பேர் பொய் சொல்லாத ஆக்களாய் இருக்கவேணும்” என்றார்.

அந்த வசனம் அன்றைக்கே எனக்கு ஒருமாதிரி இருந்தது. அது நடந்து ஒரு கிழமை கழித்துத்தான் நீங்கள் பார்சலில் வைத்து அனுப்பிய முன்பயிற்சித் தாள்களில் ஐந்தாவதைக் கையில் எடுத்தேன்.

அந்த ஆறு தாள்களில் முதல் நான்கையும் செய்து முடித்துவிட்டேன். ஐந்தாம் தாளின் இரண்டாம் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நீங்கள் சேகரித்த எண்கள் ஏதாவது இருந்தால் அவற்றின் கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், பூச்சியம் தொடக்கம் ஒன்பது வரை எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றனவா என்று கேட்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மற்ற மாணவர்கள் எண்களைத் தேடி எங்கேயாவது அலைய வேண்டும். எனக்குக் கிணறு இருக்கிறது.

கிணற்றின் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் முழுவதும் தெரியாது, நான் சொல்லவில்லை. அதனால் திரும்பவும் தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

எங்களுடையது பங்குக் கிணறு. எங்கள் வீடும், பக்கத்து வளவுச் சிவக்கொழுந்து மாமி வீடும், அவவின் தம்பி தியாகராசா வீடும் அதில் அள்ளுகின்றன. 1986 தை முதலாம் திகதி கம்பஸ் ஆய்வுக்காக நான் நீர்மட்டத்தை அளக்கத் தொடங்கினேன். காலை ஆறு மணிக்கு, ஒருவரும் முதல் வாளி போட முன்னம், கிணற்றுக்கட்டில் வெண்கட்டியால் கீறிய கோட்டடியில் இருந்து கயிற்றை இறக்குவேன். நட்டு தண்ணீரில் தொட்டதும் கயிற்றைக் கோட்டில் பிடித்து, மேலே இழுத்து, தையல் ரேப்பை வைத்துச் சென்ரிமீற்றரில் அளப்பேன். அது முடியும்வரைக்கும் சிவக்கொழுந்து மாமி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பா. “என்னடி பிள்ளை, சோதினை முடிஞ்சுதோ? நாங்கள் முகம் கழுவலாமோ, இல்லாட்டி உன்ரை கம்பஸிலை கேட்டிட்டோ கழுவுறது?” என்று தினமும் கேட்பா. ஒரு நாளாவது நான் அளக்க முன்னம் அவ வாளியைப் போட்டதில்லை.

அளவுகளை வரைபுத் தாளில் குறித்தபோது அந்தக் கோடு எனக்கு உயிருள்ள ஒன்றாகத் தெரிந்தது. மாரியில் நெஞ்சை நிமிர்த்தி, கோடையில் மெல்ல மெல்ல இறங்கி, ஆவணியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். நிலத்துக்குக் கீழே பெரிய ஒன்று நித்திரை கொள்கிறது, நான் அதன் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறேன் என்று நினைப்பேன். இப்படியெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் எழுத முடியாது.

1987 ஐப்பசியில் சண்டை தொடங்கிய அடுத்த நாள் ஐயா என்னைச் சைக்கிளில் ஏற்றி, வல்லை வெளியால் கரவெட்டிக்குக் கொண்டுபோய் மாமி வீட்டில் விட்டார். தோட்டத்தையும் வீட்டையும் பார்க்க ஆள் வேண்டும் என்று அன்றைக்கே திரும்பிவிட்டார். அம்மா இல்லாத வீடு. அவர் போகும்போது நான் அழுதது அவருக்காக என்று மாமி நினைத்தா. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். பாதி அழுகை, நடுவில் அறுந்துபோன அளவுக்காக. ஐயாவிடமும் வாய்விட்டு அப்படிச் சொல்லிவிட்டேன். “அளவு விட்டுப் போச்சுது ஐயா” என்று. ஐயா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

நான் வீடு திரும்பியது அடுத்த வருடம் கார்த்திகைக் கடைசியில். முகம் கழுவிவிட்டு வந்தபோது மேசையில் என் கொப்பி இருந்தது. விட்ட நாளில் இருந்து முந்திய நாள்வரை, கோணல் கோணலான இலக்கங்களில், ஒரு நாளும் தப்பாமல் எழுதியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு நாள். ஐயா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் கொப்பியைப் புரட்டியபோது அவர் வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார்.

மார்கழிக் கடைசிவரை மிச்ச நாட்களையும் நானே அளந்து முடித்தேன். இனித்தான் நான் செய்த பிழை. அந்த நானூற்றுப் பன்னிரண்டு அளவுகளையும் புதுக் கொப்பியில் என் கையெழுத்தில் படியெடுத்தேன். வடிவாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கட்டுரையில் ஆங்கிலத்தில், அளவுகள் யாவும் கட்டுரையாளரால் எடுக்கப்பட்டவை என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரி பொய். தோட்டக்காரர் ஒருவர் எடுத்த அளவு என்றால் யார் நம்புவார்கள் என்று அப்போது ஒரு நியாயம் வைத்திருந்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கம்பஸ் வாசலை மிதித்தவள் நான். அச்சடித்த தாளில் ஐயாவின் பெயர் தனியாக, தோட்டக்காரர் என்ற சொல்லோடு வருவதை மற்றவர்கள் பார்க்கப்போகிறார்களே என்று கூச்சப்பட்டேன். என் பெயருக்கு முன்னால் அவருடைய முதலெழுத்து ஒன்று நிற்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்தக் கட்டுரையைத்தான் நீங்கள் உங்கள் பேராசிரியரிடம் காட்டினீர்கள். போரின் நடுவிலும் ஒரு நாள் இடைவெளி இல்லாமல், ஒரே கையால் எடுக்கப்பட்ட மூன்று வருட அளவு என்று அவர் வியந்ததாகவும், புலமைப்பரிசிலுக்கு என்னைத் தெரிவுசெய்ததே அதற்காகத்தான் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே கையால் என்ற இடத்தை வாசித்தபோது என் காது சுட்டது. ஆனாலும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது ஐந்தாம் தாள். கடைசி இலக்கங்களை எண்ணினேன். நான் அளந்த அறுநூற்று எண்பத்து நான்கு நாளில் எல்லா இலக்கமும் ஏறக்குறையச் சமமாக வந்தன. எட்டில் முடிகிற அளவு எழுபத்தொன்று. ஐயா அளந்த நானூற்றுப் பன்னிரண்டு நாளில் நாற்பதளவு எட்டு வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. ஏழு அறுபத்தொன்று, ஒன்பது அறுபத்திரண்டு, எட்டு பூச்சியம். நான் பிழையாக எண்ணினேன் என்று நினைத்து ஐயாவின் பழைய கொப்பியை எடுத்து மூன்று தரம் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு நாளும் அந்தக் கிணற்றில் எட்டே வரவில்லை.

இது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணற்றுக்கு எல்லா இலக்கமும் ஒன்றுதான். மனிதருக்குத்தான் பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. ஐயா வீட்டுக்குள் இருந்துகொண்டு, மகள் அழுதாளே என்று, மனதில் வந்ததை எழுதி நிரப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்த நாளில் இருந்து அவருடைய முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கோபம் இல்லை, சேர். அந்த அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அதே கிழமை கல்லூரியின் படிவமும் வந்தது. அளவுகள் முழுவதும் என்னால் எடுக்கப்பட்டவை என்று உறுதிசெய்து, ஆனி முப்பதுக்கு முன் கிடைக்கும்படி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். படிவத்தை விளக்கப் புத்தகத்துக்குள், அந்த மாடிப்படிப் படத்தோடு சேர்த்து வைத்தேன். பிறகு பல நாள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

சிவக்கொழுந்து மாமியிடம் ஒரு நாள் தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்டேன், நான் இல்லாத காலத்தில் ஐயா கிணற்றடிக்கு வருவாரோ என்று. மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டா. “வருவாரோ? நல்ல கேள்வி கேட்டாய். அந்த ஐப்பசியிலை பதினேழு நாள் நாங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ளை கிடந்தம். விடியப் பாத்தா உன்ரை கொப்பரைக் காணேல்லை. மனிசன் வேலியளுக்குள்ளாலை பூந்து வந்து உந்தக் கிணத்துக்குள்ளை கயித்தை விட்டுக்கொண்டு நிண்டிருக்குது. ஷெல் விழுகுது, இவர் தண்ணி அளக்கிறார்! தியாகராசா பேசினவன், அண்ணை, கிணத்துக்கை உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு. அதுக்கு என்ன சொன்னது தெரியுமோ? பிள்ளையின்ரை சோதினை நிண்டுபோகக் கூடாதாம். நாங்கள் பைத்தியம் எண்டுதான் நினைச்சம்” என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, உனக்குச் சொல்லேல்லையே?” என்று கேட்டா.

சொல்லவில்லை.

அப்படியென்றால் அளவு உண்மை. ஆனால் எட்டு எங்கே? இதற்கு விடை காண, நீங்கள் படிப்பித்தபடி ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். இந்த மாதம் ஐந்தாம் திகதியில் இருந்து பத்து நாள் ஐயாவையே அளக்கச் சொன்னேன். அவர் எழும்ப முன்னம், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் ஒருவருக்கும் தெரியாமல் அளந்து ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் தண்ணீர் நாளுக்கு ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் என்று இறங்கும். முதல் ஐந்து நாளும் இரண்டு பேருடைய அளவும் ஒத்திருந்தன. ஆறாம் நாள் என் துண்டில் 438.

ஐயா கயிற்றைத் தரையில் நீட்டி ரேப்பை வைத்தார். குனிந்து பார்த்தார். ஒருதரம் நிமிர்ந்து, பூவரசில் இருந்த காகத்தைப் பார்த்தார். பிறகு 439 என்று எழுதினார்.

நான் பொறுக்க முடியாமல், “ஐயா, அது எட்டெல்லோ” என்றேன்.

“ஓம், எட்டுத்தான்” என்றார். கொஞ்சமும் தடுமாறவில்லை. “எட்டிலை ஆரும் முடிப்பினமோ பிள்ளை? செத்தவைக்கு எட்டுச் செலவு செய்யிற எண்ணெல்லோ அது. நடுவிலை வந்தா வந்திட்டுப் போகட்டும். முடிவு எட்டாய் இருக்கக் கூடாது. நீ அங்கை கரவெட்டியிலை, நாளுக்கு நாள் ஆரோ செத்ததெண்டு கதை வருகுது, நான் உன்ரை கொப்பியிலை என்ரை கையாலை எட்டைப் போட்டு முடிக்கிறதோ?” என்றார். அப்போ என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “ஒரு முறை ஒண்டு குறைச்சுப் போட்டன், மற்ற முறை ஒண்டு கூட்டிப் போட்டன். தண்ணிக்கு நட்டமில்லை. கடைசியாய் நீ வாறதுக்கு முதல் வந்த எட்டைக் குறைச்சுப் போட்டனான். அதுதான் இண்டைக்குக் கூட்டினன்” என்றார்.

ஒன்றரை வருடத்துக்கு முந்திய ஒரு சென்ரிமீற்றர், சேர். கூட்ட வேண்டிய முறை இது என்று மனதில் வைத்திருந்திருக்கிறார்.

நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். பிழை ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் சராசரி அசையாது என்று நீங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாள் ஞாபகம் வந்தது. முன் வாங்கில் இருந்தவர்கள் அதை இரண்டு தரம் விளக்கச் சொன்னார்கள். ஐயாவுக்கு ஒருவரும் விளக்கவில்லை. இப்போது அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது, எட்டு இல்லாத இடம் எனக்கு அவருடைய கையெழுத்துப் போலவே தெரிகிறது. வேறு யாருடைய கையும் அப்படி எழுதாது.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். விரல் வலித்தது, வெங்காயம் பிடுங்கவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். என்னால் எடுக்கப்பட்டவை என்ற வரியை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, 684 நாள் ஏ. அருந்ததி, 412 நாள் அவருடைய தந்தை க. ஏரம்பு, தோட்டக்காரர், கோப்பாய் வடக்கு என்று எழுதியிருக்கிறேன். எட்டுகள் எப்படி இடம் மாறின என்பதை ஆங்கிலத்தில் தனியாக இரண்டு பக்கம் விளக்கி, இலக்கங்களின் அட்டவணையையும் வைத்திருக்கிறேன். ஐந்தாம் தாளுக்கு என் விடையும் அதுதான். தயவுசெய்து இவற்றைப் பேராசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நான் எழுதிய பொய்யை உங்கள் வாயால் மெதுவாக்கிச் சொல்ல வேண்டாம். ஒரே கையால் எடுத்த அளவுக்குத்தான் அந்த இடம் என்றால், அது எனக்கு உரியதல்ல.

ஐயாவையும் கையெழுத்து வைக்கச் சொன்னேன். என்னத்துக்கு என்றார். நீங்கள் அளந்ததற்கு என்றேன். தோட்டத்தில் இருந்து அப்படியே வந்தவர், கொஞ்சம் பொறு என்று போய்க் கைகால் கழுவி, நல்லூர்த் திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். பெயரை எழுதி முடிக்க நெடுநேரம் எடுத்தது. அந்த மை கொஞ்சம் பரவியிருக்கும், பேராசிரியரிடம் சொல்லுங்கள். இதனால் என் இடம் போகலாம் என்று அவரிடம் சொல்லவில்லை. இனி என் பேர் இங்கிலாந்துக்கும் போகுதோ என்று மட்டும் கேட்டார்.

இடம் போனால் எனக்குக் கவலை இல்லை என்று எழுத முயன்றேன். இரண்டு தாள் கிழித்தேன். கவலை இருக்கிறது. அந்தப் படியில் ஏற எனக்கு ஆசை. அந்த யன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. காலத்தொடர் பாடத்தை யார் எடுப்பார்கள், வாங்குகளில் பெயர் எழுதியிருப்பார்களா, முதல் நாள் பேனை விழுந்தால் யாராவது எடுத்துத் தருவார்களா என்றெல்லாம் பகலிலேயே கனவு காண்கிறேன். மாமி பின்னுகிற சுவெற்றர் அந்தக் குளிருக்குள் என்னை முழுதாக மூடிவிடும் என்று இப்போதே தெரியும். இவ்வளவு ஆசையோடுதான் அந்த வரியை வெட்டினேன் என்பதை நீங்கள் ஒருவராவது அறிய வேண்டும்.

ஐயா போ என்றுதான் சொல்கிறார். ஒருவரும் கேளாமலே சொல்கிறார். ஆனால் நேற்று முன்தினம் சாப்பிடும்போது, “அங்கை கிணறு இருக்குமோ பிள்ளை?” என்று கேட்டார். குழாயில் தண்ணீர் வரும் என்றேன். “அப்ப எங்கை அளப்பாய்?” என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பத்து நாள் பரிசோதனை முடிந்ததும் கயிற்றைச் சுருட்டிக் கூரை வளையில் கொழுவிவிட்டார். இனி ஆருக்கு என்று சொல்லிக்கொண்டே கொழுவினார். சிவக்கொழுந்து மாமி இப்போதும் ஆறு மணிக்கு வாளியோடு வந்து ஒரு கணம் நிற்கிறா. பிறகு ஞாபகம் வந்து அள்ளுகிறா.

இனி, கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருந்தே இதைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். கேட்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை.

ஐயாவுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். கல்லூரியின் பெயர் அச்சடித்த தாளில், தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். எனக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். அவர் அளந்தது கல்லூரிக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைத்தால், புரட்டாதியில் இருந்து கிணற்றைத் தினமும் அளந்து மாதம் ஒரு தாளாக எயார் மெயிலில் அனுப்பும்படியும் கேளுங்கள். நான் கேட்டால் உனக்கு அங்கை வேறை வேலை இல்லையோ என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் கேட்டால் அளப்பார். ஊர் எப்படி இருந்தாலும் அளப்பார். சுகமாக இருக்கிறேன் என்று யாரும் எழுதலாம், பக்கத்து வீட்டிலும் எழுதுவிக்கலாம். அதை நான் நம்பமாட்டேன்.

எட்டைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் எழுதிவிடாதீர்கள், சேர். திருத்தச் சொல்ல வேண்டாம். அவருக்குப் பதிலாக வேறு யாரும் அளந்தால் எட்டு வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் அந்தத் தாள் வந்ததும் நான் கடைசி இலக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் முருகன் துணை இருக்கட்டும்.

தங்கள் மாணவி,
ஏரம்பு அருந்ததி